கண்டிக் கடைவீதியிலே பதினொரு பொருள்கள்

கண்டிமாநகருக்குப் பிரயாணஞ் செய்வோரிடம் காணவேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று எப்பொழுதும் இருக்கும். தலதா மாளிகை, ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னன் 1807 ஆம் ஆண்டிற் கட்டுவிக்கத் தொடங்கிய வாவி, பேராதனைப் பூங்கா, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் என்று அது நீளும். சென்ற பங்குனி மாதத்திலே நாம் அங்குச் சென்றபோது எமது சட்டைப்பையில் இருந்த பட்டியலோ முற்றிலும் வேறானது. திரான்சிற்றர் இரண்டு, தடையி நான்கு, கொள்ளளவி மூன்று, திருகி இரண்டு. ஆகப் பதினொரு பொருள்கள். யாவும் ஓர் உள்ளங்கையில் அடங்குபவை. இவற்றைத் தேடி ஒரு பகல் முழுவதும் கண்டி வீதிகளில் நடந்த கதையையே வாசகர்களுக்குச் சொல்லப் புகுந்தோம்.

மின்கிற்றாரின் தந்தியை மீட்டும்போது எழும் மின்னலை இயல்பாகவே மெல்லியது, விரைவில் அடங்கிவிடுவது. அதனை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கி, அலையின் மேல்முனையையும் கீழ்முனையையும் வெட்டிவிட்டால், நாதசுரம் போல நெடிது நிற்கும் கரகரத்த குரலொன்று பிறக்கும். இதனைச் செய்யுங் கருவி வாசிப்பவரின் காலடியிலே கிடக்கும். வேண்டும்போது மிதித்தால் வேலை செய்யும். இசைக்குழுவினர் இதனைப் 'பெடல்' என்பர். இதில் மிகப் பழைய வகைக்கு 'ஃபஸ்' என்று பெயர். (நாம் ஏறிச் செல்லும் பஸ் அன்று, ஆயினும் மலையேறும் பஸ் வண்டியின் உறுமலை ஒத்ததென்று கூறுவார்க்கு மறுமொழி சொல்ல எமக்கு இயலாது.) இவ்வொலி பிறந்த கதையே வேடிக்கையானது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்தபோது, பதிவுக் கருவியின் ஒரு பகுதி பழுதுபட்டுக் கரகரத்தது. அதனை நீக்காமலே 1961 இல் அப்பாட்டை வெளியிட, கேட்டவர்கள் அக்கரகரப்பை விரும்பினர். அடுத்த ஆண்டிலேயே அப்பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் பெட்டியொன்று விற்பனைக்கு வந்தது. 1966 இல் லண்டனில் வெளியான 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டவடிவப் பெட்டியை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மிதித்துப் புகழேற்றினார். எமது பட்டியலிலுள்ள பதினொரு பொருள்களும் அப்பெட்டியின் உள்ளுறுப்புகளே.

அதே 1966 ஆம் ஆண்டிலேதான் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்து, சிங்கள மெல்லிசையிலே மின்கிற்றாருக்கு இடந்தேடிக் கொடுத்தார்கள். அதன்பின் தமிழ்ப் பொப்பிசையும் எழுந்தது. இன்று மலைநாட்டிலே கிற்றார் இல்லாத கலியாண வீட்டைக் காண்பது அரிது.

எம்முடன் வந்தவர் அத்தகைய கலியாண வீடுகளில் வாசிக்கும் இளைஞர். கண்டிக்கு மேலே, ஹந்தானை மலைச்சாரலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். தாயார் கொழுந்து பறிப்பவர். நண்பர் நால்வருடன் சேர்ந்து ஒரு சிறு குழுவை நடத்துகிறார். நுவரெலியாவின் வசந்தகால விழாவையொட்டிச் சித்திரை மாதத்தில் நடக்கவிருந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு அவர்களை அழைத்திருந்தார்கள். ஆனால் ஏற்பாட்டாளர் ஒரு நிபந்தனை விதித்தார்: மக்கள் கேட்டுப் பழகிய பாட்டுக்களைக் கேட்டுப் பழகிய அந்தக் குரலிலேயே வாசிக்கவேண்டும், முடியாதாயின் கொழும்பிலிருந்து வேறொரு குழு வரும்.

கடையிலே ஒரு பெடலை வாங்கிவிட்டால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நூறு டொலர் விலையுள்ள ஒரு பெடலை எடுத்துக்கொள்வோம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. ஆகவே 20,000 ரூபாப் பெட்டி, ஒருவரும் கைவைக்காமலே, 36,000 ரூபாப் பெட்டியாயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்பொழுது 1,000 ரூபா. 2024 இலே சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்து, டொலரும் 300 ரூபாவளவிற்கு இறங்கிய பின்னரும், இருபத்திரண்டு நாட் கொழுந்தைக் கொடுத்தே அப்பெட்டியைப் பெறவேண்டியிருந்தது. கப்பற்கூலியும் தீர்வையும் வேறு. இளைஞர் தாமே செய்துவிடுவதென்று தீர்மானித்ததில் வியப்பில்லை.

புகைவண்டி நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தோம். மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும் அவற்றை இணைக்குங் குறுக்குத் தெருக்களிலும் ஏறி இறங்கினோம். பாடப்புத்தகத்திலே தடையி, கொள்ளளவி என்று படித்தவர்கள் இங்கு அச்சொற்களை மறந்துவிடவேண்டும். கடையிலே 'ரெசிஸ்டர்', 'கப்பாசிற்றர்' என்றாற்றான் பொருள் மேசைக்கு வரும்.

முதற்கடையின் முதலாளி பட்டியலை வாங்கி, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பாதிச் சாமான் இப்ப வாறதில்லை, தம்பி. இருக்கிறத வச்சுச் செய்யப் பாருங்க."

தடையிகளில் யாதொரு தொல்லையும் இல்லை. பட்டியல் வேண்டியது 33,000 ஓம், 8,200 ஓம், 470 ஓம், ஓர் இலட்சம் ஓம். இவற்றுள் 8,200 மட்டும் அங்கு இல்லை. அதனாலென்ன? 4,700 ஐயும் 3,300 ஐயும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 8,000 ஆகும். அக்காலத்துத் தடையிகள் குறித்த அளவிலிருந்து நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணமாகையால், இந்த 200 ஓம் குறைவை ஹென்ட்ரிக்ஸின் காதுகூடக் கண்டுபிடித்திராது.

கொள்ளளவியிலும் சமாளிக்கலாம். 20 மைக்ரோபரட்டு இப்பொழுது கிடைப்பதில்லை; 22 கிடைக்கிறது; அது போதும். 2.2 இல்லாத இடத்தில் ஒரு மைக்ரோபரட்டு இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்துக்கொள்ளலாம். தடையிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் அளவு கூடும். கொள்ளளவிகளோ பக்கம் பக்கமாக நின்றாற்றான் கூடும். இவ்விடத்தில் கவனிக்கவேண்டியவை இரண்டு. கொள்ளளவியின் உடலிலே எழுதியுள்ள வோல்ற்றுக் கணக்கு, மின்கலத்தின் 9 வோல்ற்றுக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும். 16 ஆனாலும் 25 ஆனாலும் நன்று, 6.3 ஆகாது. மற்றொன்று, நேர் எதிர் குறித்த கொள்ளளவியை மாற்றிப் பொருத்தினால் அது கெடும்.

மூன்றாவது கடையிலேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி ஐந்து இலட்சம் ஓம் இருக்கவேண்டும். அங்கு இருந்ததோ ஓர் இலட்சம் ஓம் மாத்திரமே.

இவ்விடத்திலே சற்றுக் கணக்குப் போடவேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்க. இத்திருகிக்கு முன்னாலே 0.01 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி ஒன்று நிற்கிறது. இவ்விரண்டுஞ் சேர்ந்து ஒரு வாயில் போல இயங்குகின்றன. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலியை உள்ளே விட்டு, கீழ்ப்பட்டதைத் தடுக்கின்றன. ஐந்து இலட்சம் ஓம் இருந்தால் அந்த எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 32 அதிர்வு. ஓர் இலட்சமானால் 159 ஆக ஏறிவிடும். கிற்றாரின் மிகத் தடித்த தந்தி அதிர்வதோ வினாடிக்கு 82 முறை. ஆகவே மாற்றுத்திருகியை அப்படியே வைத்தால் தடித்த தந்தியின் வயிறு வற்றிப்போகும்; ஒலி தகரத்தில் மணல் கொட்டினாற்போல ஆகும். இளைஞர் இதனை ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்திலே கணக்கிட்டார். கணக்கிட்டபின் திருகியையும் வாங்கினார்; 0.01 க்குப் பதிலாக 0.047 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியையும் வாங்கினார். இப்பொழுது எல்லை மறுபடியும் 34 அளவிலே வந்து நின்றது. ஒரு பொருளை மாற்றியதனால் நேர்ந்த குறையை அதன் அண்டைப் பொருளை மாற்றி ஈடுசெய்த இந்தச் செயலை நாம் மிகவும் இரசித்தோம். கடைக்காரர்கள் பலர் ஒத்த எண்ணுள்ள பொருள் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லிவிடுவார்கள். அப்பொருள் சுற்றிலே என்ன தொழில் பார்க்கிறதென்று கேட்பவர்க்கே வேறு வழி தெரியும்.

மற்றைத் திருகி 1,000 ஓம். அது கரகரப்பை மாத்திரம் கூட்டிக் குறைப்பதன்று. இரண்டாவது திரான்சிற்றர் நிமிர்ந்து நிற்பதற்கு ஊன்றுகோலாகவும் இருப்பது. அதனை 2,000 ஆக மாற்றினால் முழுச்சுற்றும் நிலை குலையும். கடையில் இருந்ததோ 2,000 தான். அதன் இருபுறக் கால்களுக்கும் குறுக்கே 2,000 ஓம் தடையி ஒன்றைப் பற்றவைத்தால் மொத்தம் 1,000 ஆகிவிடும். இந்த உபாயத்தையும் இளைஞரே சொன்னார். எங்கே கற்றீர் என்று வினவினோம். "பழுதான றேடியோவுல கற்றதுதான், ஐயா" என்றார்.

திரான்சிற்றர் இரண்டும் எஞ்சின. ஃபஸ் ஃபேஸ் பெட்டியிலே முதன்முதல் இருந்தவை ஜேர்மானியம் என்னும் மூலகத்தாற் செய்யப்பட்டவை. அவ்வகை புதிதாகக் கடைக்கு வருவது நின்று நெடுங்காலமாயிற்று. பின்னர் வந்த சிலிக்கன் வகை எங்கும் மலிவாய்க் கிடைக்கிறது, பி.சி. 547 என்னும் எண்ணைச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் இழுப்பறையைத் திறப்பார். சிலிக்கனைக் கொண்டும் செய்யலாம். ஃபஸ் ஃபேஸைச் செய்தவர்களே பின்னர் அவ்வாறு செய்தார்கள். ஆனால் அதன் குரல் கூர்மையானது, பெருக்கம் மிகையானது, சில வேளைகளிலே அருகிலுள்ள வானொலி நிலையத்தையும் பிடித்துப் பாடத் தொடங்கிவிடும். பேஸ் காலுக்கும் கொலெக்ரர் காலுக்கும் இடையே மிகச் சிறிய கொள்ளளவி ஒன்றை வைத்து அதன் வாயை அடக்கவேண்டும். மேலும் பி.சி. 547, ஜேர்மானியம் ஏ.சி. 128 க்கு எதிரினம். ஆகவே மின்கலத்தையும் துருவக் கொள்ளளவிகளையும் திருப்பிவைக்கவேண்டும். கால்களின் ஒழுங்கும் இனத்துக்கினம் வேறு. தட்டையான முகத்தை எம்மை நோக்கிப் பிடித்தால், பி.சி. 547 இன் கால்கள் இடமிருந்து வலமாகக் கொலெக்ரர், பேஸ், எமிற்றர். யப்பானிய சி. 1815 இலோ எமிற்றர், கொலெக்ரர், பேஸ். வடிவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

இளைஞருக்கு ஜேர்மானியமே வேண்டும். அதற்காக ஒரு குறுக்குத் தெருவின் மாடிப்படி ஏறி, வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் போனோம். சுவரெல்லாம் பழைய வானொலிப் பெட்டிகள்; மேசைமேல் பற்றாசு மணம். இளைஞர் அவரை "நானா" என்று முகமன் கூறியழைக்க, அவர் எமக்கு நாற்காலியும் தந்து தேநீரும் வரவழைத்தார்.

1970 முதல் 1977 வரை இந்நாட்டிலே இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் தாம் தொழில் பழகியதாக அவர் சொன்னார். அந்நாளில் ஒரு வானொலிக்கு ஏற்ற உறுப்பு வருமென்று காத்திருந்தவனுக்குச் சோறில்லை. ஒன்றன் உறுப்பைக் கழற்றி மற்றொன்றைப் பாடவைத்தவனே பிழைத்தான். அவர் பேச்சைக் கேட்கையில், இலங்கை வானொலியின் பிறப்பே இவ்வாறானதன்றோ என்று எண்ணினோம். தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹார்ப்பரும் அவர்தம் துணைவரும், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டே முதல் ஒலிபரப்பியை அமைத்தார்களென்பது வானொலி வரலாறு எழுதுவோர் வழிவழியாகக் கூறும் செய்தி. 1925 டிசம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

முதியவர் ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்து மேசைமேற் கவிழ்த்தார். இறந்துபோன வானொலிகளிலிருந்து எடுத்த திரான்சிற்றர்கள் கல்மணி போலச் சிதறின. பழைய யப்பானிய வானொலிகளில் இருந்தவை '2 எஸ். பி.' என்ற எழுத்துடன் தொடங்குபவை. அவற்றிற் பல ஜேர்மானியம், ஏ.சி. 128 செய்யும் வேலையைச் செய்யக்கூடியவை. எழுத்தை மாத்திரம் நம்பலாகாது. அதே எழுத்துடன் பிற்காலத்திற் சிலிக்கனும் வந்திருக்கிறது. "எழுத்தப் பார்க்காதீங்க தம்பி, மீற்றரைப் பாருங்க" என்றார் முதியவர். மானியின் முட்களை வைத்தால் ஜேர்மானியம் 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக் காட்டும், சிலிக்கன் 0.6 ஐத் தாண்டும்.

ஜேர்மானியம் என்று தெரிந்தபின்னும் சோதனை முடியவில்லை. அதற்கொரு பிறவிக்குணம் உண்டு: ஒழுகுதல். பேஸ் காலை ஒன்றிலும் தொடாமல் விட்டாலும் சிறிது மின்னோட்டம் உள்ளே கசிந்துகொண்டிருக்கும். கசிவு மிகுந்ததைப் பெருக்கம் மிகுந்ததென்று மயங்கி வாங்குவோர் பலர். முதியவர் ஒவ்வொன்றையும் மின்கலத்துடன் இணைத்து, முதலிற் கசிவை அளந்து, மொத்தத்திலிருந்து அதனைக் கழித்து, எஞ்சியதையே உண்மையான பெருக்கமாகக் கொண்டார். பதினான்கிலே ஐந்து தேறின. அவற்றுள் 78 மடங்கு பெருக்குவதொன்றும் 115 மடங்கு பெருக்குவதொன்றும் தெரிந்தெடுக்கப்பட்டன. முன்னது முதலிடத்துக்கு, பின்னது இரண்டாமிடத்துக்கு. முதியவர் விலை சொல்ல மறுத்தார். இளைஞர் வற்புறுத்தவே, இரண்டுக்கும் நூறு ரூபா என்றார். பதினொரு பொருள்களுக்கும் சென்ற செலவு இரண்டாயிரம் ரூபாவுக்குள் அடங்கியது.

மாலையிலே வாவிக்கரைக்கு வந்து அமர்ந்தோம். மாளிகையிலிருந்து மாலைப்பூசைக்குரிய மேளவொலி நீரைக் கடந்து வந்தது. கண்டிக்கே உரிய மேளமாகிய 'கெட்ட பெரய' பற்றிப் பேச்செழுந்தது. அதன் இடமுகத்திற்கு மாட்டுத்தோல். வலமுகத்திற்கு முற்காலத்திலே குரங்குத்தோல். ஒருமுகம் ஆழ்ந்து ஒலிக்க, மறுமுகம் வெடித்து ஒலிப்பதற்காகவே இந்த வேற்றுமை. குரங்குத்தோல் மறைந்த பின்னர் ஆட்டுத்தோலைக் கட்டினார்கள். அதுவும் மெல்லியது, ஆகவே பேதம் நிலைத்தது. இருமுகத்திற்கும் ஒரே தோலைக் கட்டியிருந்தால் மேளம் இருந்திருக்கும், கண்டி மேளம் இருந்திராது. இளைஞர் உடனே தம் துறைக்குத் தாவினார். கரகரப்பூட்டும் வேறொரு வகைப் பெடலிலே, அலையின் மேற்பாதியை வெட்ட இருவாயி ஒன்றும் கீழ்ப்பாதியை வெட்ட இரண்டும் வைப்பார்களாம்; இருபாதியும் ஒவ்வாமையினாலே ஒலியில் இனிமை கூடுமாம். அங்கும் மூன்றையும் வேறினமாக மாற்றலாம். ஒன்றுக்கு இரண்டு என்ற ஒவ்வாமையை மாற்றலாகாது என்றார்.

அடுத்த ஞாயிறு தோட்டத்து லயத்திலே கருவி உருப்பெற்றது. அலுமினியப் பெட்டிக்குப் பதிலாகப் பிஸ்கற் தகரம். உலோகமாகையால் வெளியிரைச்சலை அதுவும் தடுக்கும். மிதித்தால் நெளியுமாதலின் அடியிலே பலாப்பலகை ஒன்றை ஆணியிட்டார்கள். ஒன்பது கால் ஆளி கிடைக்காதபடியால் ஆறுகால் ஆளி. அதனால் சிவப்பு விளக்கொன்று குறைந்தது, வேறொன்றும் குறையவில்லை. இரண்டாவது திரான்சிற்றரின் கொலெக்ரரில் நாலரை வோல்ற்று நின்றபோது குரல் பிறந்தது. லயத்தின் மறுகோடியிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். இளைஞரின் தாயார் மாத்திரம், "இந்தச் சத்தத்துக்கா இத்தனை அலைச்சல்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஆயினும் இளைஞர் அத்துடன் விட்டாரல்லர். ஜேர்மானியத்தின் கசிவு ஏறத்தாழ 10 பாகை சூடு ஏறுந்தோறும் இரட்டிக்கும்; குளிரிலே குறையும். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். அங்குச் சராசரி வெப்பம் 25 பாகையளவு. நுவரெலியா 1,868 மீற்றர்; சராசரி 16 பாகை. கண்டியில் நாலரையாக நின்றது அங்கே அந்த இடத்தில் நிற்காது. ஆகவே 8,000 ஓம் ஆக்கிய இரண்டு தடையிகளையும் கழற்றி, திருப்புளியினால் திருகக்கூடிய சிறு மாறுதடையி ஒன்றை வைத்து, தகரத்தின் பக்கத்திலே அதற்கொரு துளையும் இட்டார்.

சித்திரையிலே கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக, ஏறத்தாழ 77 கிலோமீற்றர் வளைந்தேறும் பாதையில் அவர்களுடன் நாமும் வானில் சென்றோம். மேடைக்குப் பின்னாலே குளிர் எலும்பைத் துளைத்தது. கொழும்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பிஸ்கற் தகரத்தைக் குனிந்து பார்த்து, இதற்குள் என்ன இருக்கிறது என்று வினவினார். இளைஞர் மறுமொழி சொல்லாமல் மானியின் முட்களைத் துளைக்குள் வைத்தார். நாலரைக்கு வெகுதூரம் விலகியிருந்தது முள். திருப்புளியைக் கால்வட்டம் திருகினார். இன்னுஞ் சிறிது திருகினார். முள் ஏறிவந்து நாலரையில் நின்றது. அவர் மானியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு கிற்றாரைத் தோளில் மாட்டினார்.